பைக்குக்கு எந்த ஒயில்? போத்தலின் பின்பக்கத்தை வாசிக்கும் முறை

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒயில் விற்கும் கடை ஒன்றில் சற்று நேரம் நின்றால் போதும், பைக் ஒயில் பற்றி மூன்று தீர்ப்புகள் காதில் விழும். "எங்கட வெயிலுக்குத் தடிப்பான ஒயில்தான் சரி." "சிந்தெற்றிக் ஊத்தினால் கிளச் வழுக்கும்." "கார் ஒயிலும் ஒயில்தானே, விலையும் குறைவு." மூன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதனால்தான் மூன்றும் இத்தனை காலம் நிலைத்து நிற்கின்றன.

அதன்பிறகு பேச்சு எந்த பிராண்ட் என்பதற்குத் தாவிவிடும். உண்மையில் பிராண்ட் கடைசியாகப் பார்க்க வேண்டியது. போத்தலில் மூன்று குறியீடுகள் அச்சிடப்பட்டிருக்கும்: ஒயிலின் தடிப்பைக் காட்டும் எண், கிளச்சுக்குப் பொருந்துமா என்பதைக் காட்டும் ஜாசோ எழுத்து, வேதிச் சேர்க்கைகளின் தரத்தைக் காட்டும் ஏபிஐ எழுத்து. கியர் பைக் வைத்திருப்பவர் முதலில் தேட வேண்டியது ஜாசோவை. கடைப் பேச்சில் ஆகக் குறைவாக அடிபடுவதும் அதுதான்.

பைக்கில் ஒயில் செய்யும் வேலை

காரில் எஞ்சினுக்கு ஓர் ஒயில், கியர்பொக்ஸுக்கு வேறோர் ஒயில். கார் கிளச் பெரும்பாலும் ஒயிலே படாமல் உலர்ந்த நிலையில் வேலை செய்யும். கியர் பைக்குகள் அநேகமானவற்றில் எஞ்சின், கியர்பொக்ஸ், கிளச் மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. நீங்கள் ஊற்றும் அந்த ஒரு லீற்றரோ அதற்கும் குறைவோதான் மூன்றுக்கும் போய்ச் சேர வேண்டும்.

எஞ்சினில் அது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் மெல்லிய படலமாக நின்று உலோகம் உலோகத்தில் உரசாமல் தடுக்கிறது, சூட்டைக் கடத்துகிறது, எரிந்த கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்கிறது. கியர்பொக்ஸில் பற்கள் ஒயிலை நசுக்குகின்றன, அதை அது தாங்க வேண்டும். கிளச்சில் நிலைமை தலைகீழ். அங்கே ஒயிலில் நனைந்த தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்க வேண்டும். ஓரிடத்தில் வழுக்கவும் இன்னோரிடத்தில் பிடிக்கவும் வேண்டிய திரவம் இது. பைக் ஒயில் தெரிவில் உள்ள சிக்கல் முழுவதும் இங்கிருந்துதான் வருகிறது.

10டபிள்யூ-30 என்றால் என்ன?

ஃபிரிஜ்ஜில் இருந்த கித்துள் பாணியைத் தயிரில் ஊற்றிப் பாருங்கள், மெல்ல இறங்கும். அதையே அடுப்படியில் சற்றுச் சூடாக்கினால் ஓடும். பாணி அதேதான், சூடுதான் மாறியிருக்கிறது. ஒயிலும் இப்படித்தான். ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பைப் பிசுக்குமை என்பார்கள். பேச்சில் நாம் தடிப்பு என்கிறோம். சூடு ஏற ஏற ஒயிலின் தடிப்பு குறையும். ஆகவே "இது தடிப்பான ஒயில்" என்று சொன்னால் எந்தச் சூட்டில் என்று கேட்க வேண்டும்.

எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியியலாளர் அமைப்பு வகுத்த எண் அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் தருகிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் வருவது குளிரில் ஒயில் நடந்துகொள்ளும் விதம். 10டபிள்யூ ஒயிலை மறை 25 பாகை செல்சியஸிலும் 20டபிள்யூ ஒயிலை மறை 15 பாகையிலும் சோதிக்கிறார்கள். கொழும்பில் இரவில்கூட 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால் அந்தச் சோதனை நமக்கு நேரடியாகப் பொருந்தாது.

கோட்டுக்குப் பின்னால் வரும் எண் 100 பாகைச் சூட்டில் உள்ள தடிப்பு. அந்தச் சூட்டில் 30 என்ற ஒயில் 9.3 இலிருந்து 12.5 வரையும், 40 என்ற ஒயில் 12.5 இலிருந்து 16.3 வரையும், 50 என்ற ஒயில் 16.3 இலிருந்து 21.9 வரையும் இருக்க வேண்டும். அளவீட்டு அலகு சென்ரிஸ்டோக். அலகை மறந்துவிடலாம். எண் கூடினால் சூட்டில் தடிப்புக் கூட என்பது போதும்.

முதல் எண்ணால் நமக்குப் பயனே இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 40 பாகைச் சூட்டில் வழமையான 10டபிள்யூ-30 ஒயில் ஒன்று ஏறத்தாழ 70 சென்ரிஸ்டோக் இருக்கும். 20டபிள்யூ-50 ஒயில் 160 ஐ அண்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடன், அதாவது எஞ்சின் இன்னும் சூடாகாத நேரத்தில், இரண்டாவது ஒயில் முதலாவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தடிப்பு. சிலிண்டர் தலையின் மேற்பகுதிக்கு அது ஏறிச் சேரக் கூடுதல் நேரம் எடுக்கும். எஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு இந்த ஆரம்ப நேரத்தில்தான் நடக்கிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: முன் எண் குளிர் நேரத்துக்கு, பின் எண் சூட்டு நேரத்துக்கு. ஸ்டார்ட் பண்ணும் நேரத்தில் கொழும்பிலும் இரண்டு ஒயில்களுக்கும் வித்தியாசம் உண்டு.

"எங்கட வெயிலுக்கு" என்ற வாதம்

கொழும்பில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை இந்தியாவில் செய்யப்பட்டவை. டில்லியிலும் ராஜஸ்தானிலும் கோடையில் 45 பாகை தொடும் வெயிலில் ஓடுவதற்கென்று வடிவமைத்த எஞ்சின்கள் அவை. கொழும்பின் 31, 32 பாகை அவற்றுக்குப் புதிதல்ல. வெயிலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கையேட்டில் தடிப்பு எண்ணை எழுதியிருக்கிறார்கள். அதன்மேல் நாம் இன்னொரு முறை வெயிலைக் கூட்டத் தேவையில்லை.

வெயிலைவிட நெரிசல் பெரிய விடயம். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ஓட்டம்தான் விசிறி. காலி வீதியில் மாலை ஐந்தரைக்கு பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை நோக்கி ஊர்ந்து போகும்போது காற்று படாது, ஒயில் 100 பாகையைத் தாண்டிச் சூடாகும். அப்போதும் விடை ஒயிலை விரைவாக மாற்றுவதும் அளவைச் சரியாக வைத்திருப்பதும்தான். எண்ணை இரண்டு படி உயர்த்துவதால் கிடைப்பது குறைவு, இழப்பது கூட.

அளவுக்கு மீறிய தடிப்பு என்ன செய்யும்? ஒயிலைக் கிளறுவதிலேயே எஞ்சின் சக்தியைச் செலவழிக்கும், பெற்றோல் கூடக் குடிக்கும். காலையில் கிளச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; முதல் கியர் போட்டதும் பைக் "டக்" என்று ஒரு குதி குதிக்கும், சிக்னலில் நியூட்ரல் விழாது. மறுபக்கம், தேவைக்கு மெல்லிய ஒயில் சூட்டில் படலத்தைத் தக்கவைக்காது. டப்பெற் சத்தம் கூடும், ஒயில் குறைந்துகொண்டே போகும்.

எந்தத் தடிப்பு என்பது எஞ்சினின் உள்ளமைப்பைப் பொறுத்தது. ஹீரோ ஸ்பிளெண்டர் போன்ற 100 சிசி பைக்குகளுக்கு 10டபிள்யூ-30. பஜாஜ் பல்சர் 150 இற்கு 20டபிள்யூ-50. யமஹா எஃப்இசட் வரிசையில் ஆண்டைப் பொறுத்து 20டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40. ஒரே வீதி, ஒரே வெயில், மூன்று எண்கள். பக்கத்து வீட்டுப் பல்சருக்கு நல்லது உங்கள் ஸ்பிளெண்டருக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் பைக்கின் எண் கையேட்டில் இருக்கும். சில பைக்குகளில் ஒயில் மூடியிலோ அதன் அருகிலோ அச்சிட்டிருக்கும்.

கிளச் ஏன் வழுக்குகிறது

கியர் பைக்கின் கிளச்சுக்குள் இரண்டு வகைத் தட்டுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஒரு வகை வெறும் உருக்கு. மற்ற வகையின் மேல் உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும்; கராஜில் கிளச் பிளேற் என்று மாற்றுவது இதைத்தான். ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்துகின்றன. லீவரைப் பிடித்தால் அழுத்தம் விடுபடும், விட்டால் இறுகும். இது முழுவதும் ஒயிலுக்குள் நடப்பதால் இதற்கு ஈரக் கிளச் என்று பெயர்.

இப்போது கார் ஒயிலுக்கு வருவோம். கார் உற்பத்தியாளர்கள் எரிபொருளைச் சேமிக்க விரும்பி, 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஒயில்களில் உராய்வு குறைப்பான்களைக் கலக்கிறார்கள். இவை உலோகப் பரப்பில் படிந்து உரசலைக் குறைக்கும் வேதிப்பொருட்கள். மொலிப்டினம் சேர்மங்கள் ஓர் உதாரணம். காருக்கு நல்லது. அதே பொருள் ஈரக் கிளச்சின் தட்டுகளில் படிந்தால், இறுகப் பிடிக்க வேண்டிய இடத்திலும் உரசல் குறையும். தட்டு வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூட்டில் அதன் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கி இறுகிவிடும். அந்த நிலைக்குப் போன தட்டு, ஒயிலை மாற்றினாலும் பல வேளைகளில் பழையபடி பிடிக்காது.

ஜப்பானிய நிறுவனங்கள் இந்தப் பிரச்சினைக்காகவே 1998 இல் பைக்குக்கெனத் தனித் தரம் வகுத்தன. அதுதான் ஜாசோ. கிளச் உரசலை இயந்திரத்தில் அளந்து ஒயில்களை இரண்டாகப் பிரிக்கிறது. எம்ஏ என்றால் உரசல் போதுமானது, ஈரக் கிளச்சுக்கு உகந்தது. எம்பி என்றால் உரசல் குறைவு, ஈரக் கிளச் இல்லாத வண்டிக்கு மட்டும். 2006 முதல் எம்ஏ பிரிவுக்குள் எம்ஏ1, எம்ஏ2 என்ற உட்பிரிவுகளும் உண்டு. எம்ஏ2 கூடுதலாகப் பிடிக்கும். கையேடு எம்ஏ என்று சொன்னால் எம்ஏ2 ஊற்றுவதில் தடையில்லை.

இந்தக் குறி போத்தலின் பின்பக்கம் ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கும்: மேலே ஒரு பதிவு இலக்கம், கீழே பெரிய எழுத்தில் எம்ஏ அல்லது எம்பி. பெட்டி இல்லாமல் வசனத்தில் மட்டும் "ஜாசோ எம்ஏ தரத்துக்கு ஏற்றது" என்று எழுதியிருந்தால் அது உற்பத்தியாளரின் சொந்த வாக்குறுதி. பொய் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரே விலையில் இரண்டு இருந்தால் பெட்டி உள்ளதை எடுங்கள்.

அப்படியானால் வருடக் கணக்கில் கார் ஒயில் ஊற்றியும் பிரச்சினை வராதவர்கள் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். 20டபிள்யூ-50 போன்ற தடிப்பான கார் ஒயில்களில் அந்த உராய்வு குறைப்பான்கள் பெரும்பாலும் இருப்பதில்லை, ஆகவே கிளச் தப்பிவிடுகிறது. அந்த அனுபவத்தை வைத்து 5டபிள்யூ-30 ஐ ஊற்றும் அடுத்தவர்தான் மாட்டிக்கொள்கிறார். டீசல் ஒயில் சிலவற்றில் எம்ஏ குறியும் சேர்த்தே அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால், தடிப்பும் பொருந்தினால், பயமில்லை. குறி இல்லாத போத்தலைப் பற்றி எவராலும் உறுதி சொல்ல முடியாது.

கிளச் வழுக்குவதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நேரான, வெறிச்சோடிய வீதியில் மேல் கியரில் 40 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அக்சலரேற்றரை முழுதாகத் திருகுங்கள். எஞ்சின் ரேஸ் ஏறி வேகம் அதோடு சேர்ந்து ஏறாவிட்டால் வழுக்குகிறது. கொழும்புக்குள் மட்டும் ஓடுபவருக்கு இது நெடுநாள் தெரியாமலே இருக்கும்; கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது காட்டிக்கொடுக்கும். ஒயிலைக் குற்றம் சொல்லுமுன் கிளச் கேபிளில் சற்றுத் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

சுருக்கமாக: ஈரக் கிளச் என்றால் எம்ஏ அல்லது எம்ஏ2. போத்தலில் எம்பி என்றோ, ஏபிஐ எழுத்து உள்ள வட்டத்தின் கீழ்ப்பாதியில் எரிசக்தி சேமிப்பு பற்றிய வாசகமோ இருந்தால் கியர் பைக்குக்கு வேண்டாம்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு

டியோ போன்ற கியர் இல்லாத ஸ்கூட்டரில் பெல்ட்டும் உலர்ந்த கிளச்சும் எஞ்சின் ஒயிலைத் தொடாத தனி அறையில் இருக்கின்றன. எம்பி ஒயில் இவற்றுக்காகவே வந்தது; உரசல் குறைவதால் பெற்றோல் கொஞ்சம் மிச்சமாகும். அவசரத்துக்கு எம்ஏ ஊற்றினாலும் ஸ்கூட்டருக்குக் கெடுதல் இல்லை. எம்பியைக் கியர் பைக்கில் ஊற்றுவதுதான் ஆபத்து.

ஒரு விதிவிலக்கு: கிளச் லீவர் இல்லை என்பதால் உலர் கிளச் என்று முடிவு கட்டக்கூடாது. இன்னும் நம் வீதிகளில் ஓடும் ஹொண்டா சாலி, கப் வகைகளில் காலால் கியர் மாற்றுகிறோம், லீவர் கிடையாது, ஆனால் கிளச் ஒயிலுக்குள்தான் இருக்கிறது. அவற்றுக்கு எம்ஏ.

ஸ்கூட்டரின் பின்சில்லுப் பக்கம் இன்னொரு சிறிய கியர் பெட்டி உண்டு. அதன் ஒயில் தனி, அளவு 100 முதல் 120 மில்லிலீற்றர்வரைதான். அதற்கும் ஒரு வடிகால் ஆணி இருப்பதால் அவசரத்தில் அதைக் கழற்றி அந்த ஒயிலை வடித்துவிட்டு, புதிய ஒயிலை எஞ்சினுக்குள் ஊற்றும் தவறு நடப்பதுண்டு. விளைவு: கியர் பெட்டி காய்ந்துபோகிறது, எஞ்சின் நிரம்பி வழிகிறது. எந்த ஆணி எது என்பதைக் கையேட்டின் படத்தில் ஒருமுறை பார்த்து வைத்தால் போதும்.

ஏபிஐ எழுத்து

அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் தரம் இது. முதல் எழுத்து எஸ் என்றால் பெற்றோல் எஞ்சினுக்கு, சி என்றால் டீசலுக்கு. இரண்டாம் எழுத்து அகர வரிசையில் பின்னால் போகப்போகப் புதிய தரம்: எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என், எஸ்பி. எஸ்பி 2020 இல் வந்தது. அதில் சேர்க்கப்பட்ட முக்கிய பாதுகாப்பு டர்போ பொருத்திய நவீன கார் எஞ்சின்களுக்கானது. 100 சிசி கார்பரேற்றர் பைக்குக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கையேடு சொல்லும் எழுத்தோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் சரி. புதிய எழுத்துக்காக மட்டும் கூடக் காசு கொடுக்க வேண்டாம்.

மினரல், செமி சிந்தெற்றிக், சிந்தெற்றிக்

இது அடி ஒயில் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது. மினரல் என்பது நிலத்தடியிலிருந்து எடுக்கும் மசகெண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. சிந்தெற்றிக்கில் மூலக்கூறுகள் வேதிமுறையில் ஒரே சீராக்கப்பட்டிருக்கும், ஆகவே கடும் சூட்டில் மெதுவாகக் கெடும். இரண்டையும் கலந்தது செமி. கிளச் வழுக்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வழுக்கச் செய்வது மேலே சொன்ன உராய்வு குறைப்பான்தான். எம்ஏ2 குறியுள்ள சிந்தெற்றிக் ஒயில்கள் ஏராளம்.

எங்கள் கருத்து இது: வீடு, வேலை, கடை என்று ஓடும் சிறிய பைக்குக்கு, குறித்த நேரத்தில் மாற்றும் மினரல் ஒயிலே தாராளம். சிந்தெற்றிக்கை ஊற்றிவிட்டு "நல்ல ஒயில்தானே" என்று ஒரு வருடம் மறந்துபோவதைவிட அது எவ்வளவோ மேல். நாள் முழுக்க வெயிலில் நின்று நின்று சாப்பாடு விநியோகிப்பவருக்கும், ஒயிலால் குளிரும் பெரிய எஞ்சின் வைத்திருப்பவருக்கும் சிந்தெற்றிக்கின் மேலதிக விலை வீண்போகாது.

பழைய பைக் என்றால்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய பைக்குகளையே ஓட்ட வேண்டியிருந்ததால், "வயசான எஞ்சினுக்குத் தடிப்பாய்ப் போடு" என்ற அறிவுரை கராஜ்களில் இன்னும் பலமாகக் கேட்கிறது. ஓரளவு சரி. இடைவெளிகள் தேய்ந்து ஒயில் குறைந்துகொண்டு போனால் ஒரு படி ஏறலாம்: 10டபிள்யூ-30 இலிருந்து 10டபிள்யூ-40. பல கையேடுகளில் வெப்பநிலை வாரியாக மாற்று எண்கள் தந்திருக்கும், அதற்குள் நில்லுங்கள். ஆனால் சைலன்சரில் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் போயிருக்கிறது. எந்த ஒயிலும் அதைத் திருத்தாது, புகையைச் சில வாரம் மறைக்கும்.

எவ்வளவு ஊற்றுவது, எப்போது மாற்றுவது

கையேட்டில் இரண்டு அளவுகள் இருக்கும்: எஞ்சினைக் கழற்றிப் பூட்டும்போது ஊற்றுவது, வெறுமனே வடித்து மாற்றும்போது ஊற்றுவது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது, அது சிறியது. டியோவுக்கு அது சுமார் 700 மில்லிலீற்றர். போத்தலோ ஒரு லீற்றர். "மிச்சத்தை ஏன் வைப்பான்" என்று முழுவதையும் ஊற்றினால் கிராங்க் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். நுரையில் படலம் நிற்காது. மேலதிக ஒயில் மூச்சுக்குழாய் வழியே எயார் பில்ற்றரை நனைக்கும்.

அளவு பார்க்கும் முறை: எஞ்சினை மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். சமதரையில் நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். பக்க ஸ்டாண்டில் பார்த்தால் அளவு பிழைக்கும். ஹொண்டா, ஹீரோ வகைகளில் அளவுக் கோலைத் திருகாமல் வெறுமனே இறக்கி எடுக்க வேண்டும். வடிகால் ஆணியைப் பூட்டும்போது புதிய வாஷர் போடுங்கள், கண்மூடித்தனமாக இறுக்காதீர்கள். கூடு அலுமினியம், மரை எளிதில் உரிந்துபோகும்.

மினரல் ஒயிலை 2,000 முதல் 3,000 கிலோமீற்றருக்குள் மாற்றுவது கொழும்பு நெரிசலுக்குப் பாதுகாப்பான பழக்கம். கையேடு இன்னும் குறைவாகச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். நாளுக்கு 100 கிலோமீற்றர் ஓடும் விநியோகப் பைக்குக்கு அது மாதம் ஒருமுறை ஆகிவிடும். நிறத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். கரியைத் தன்னுள் ஏந்துவது ஒயிலின் வேலை, ஆகவே சில நூறு கிலோமீற்றரிலேயே கறுக்கும். மாறாக, கியர் மாற்றுவது கரடுமுரடாகிவிட்டால் கவனியுங்கள். கியர்ப் பற்கள் ஒயிலிலுள்ள தடிப்புக் காக்கும் நீண்ட மூலக்கூறுகளை வெட்டி வெட்டி, 50 ஆக இருந்ததை 40 இன் அளவுக்கு இறக்கியிருக்கக்கூடும்.

குறைவாக ஓடுபவர் கிலோமீற்றரைப் பார்த்துக் காத்திருக்கக்கூடாது. பிள்ளையைப் பள்ளியில் விட்டு வரும் இரண்டு கிலோமீற்றர் ஓட்டத்தில் எஞ்சின் முழுதாகச் சூடாகாது. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் ஒயிலில் தங்கிவிடும். மழைக்காலத்தில் ஒயில் மூடியின் உட்புறம் வெளிறிய களிபோல் ஏதாவது படிந்திருந்தால் அது இந்த நீர்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இடையிடையே ஒரு நீண்ட ஓட்டமும் கொடுங்கள்.

களனி ஆறு பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் பைக் எஞ்சின் உயரத்துக்கு மூழ்கிவிட்டால் தண்ணீர் வடிந்தவுடன் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக்கூடாது. முதலில் ஒயிலை வடியுங்கள். வெளிர் மண்ணிறமாக வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக மிதித்து சிலிண்டருக்குள் உள்ள தண்ணீரை வெளியேற்றுங்கள். எயார் பில்ற்றரையும் கார்பரேற்றரையும் சுத்தப்படுத்துங்கள். அதன்பின் ஆகக் குறைந்த விலையில் கிடைக்கும் எம்ஏ ஒயிலை ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு வடித்துவிடுங்கள். வடிவது தெளிவாகும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பில்ற்றர் உள்ள பைக் என்றால் அதையும் மாற்றுங்கள். விலை கூடிய ஒயிலைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.